சின்னராஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்

அரிதாரப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைக்கும்போது எழுகிற வாசனை இன்றைக்கும் என் மூக்கில் நிற்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்கிற ஆள் நான். படித்தவர்கள் பிழை பொறுக்க வேண்டும். கூத்தைப் பற்றி எழுதக் கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்கள், ஆசை ஒரு மனிதனை எப்படித் தின்னும் என்று எழுதப் பெரிய பெரிய ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆசை எங்கள் வீட்டில் தை மாதத்திலிருந்து சித்திரை வரைக்கும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு, எங்களோடு படுத்துத் தூங்கி, எங்கள் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நடமாடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல என்னை விட்டால் இப்போது வேறு ஆள் இல்லை.

எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சித்தேரி மலைப் பக்கம் போகிற வழியில் இருக்கிறது. சித்திரையில் அம்மன் திருவிழாவுக்கு ஊர்க்காரர்களே வேஷம் கட்டி ஆடுகிற கூத்து ஒன்று உண்டு. அதைச் ‘சின்னராஜா கூத்து’ என்பார்கள். வேறு ஊரில் யாரும் ஆடி நான் பார்த்ததில்லை. கதை சிறியது. ஒரு நாட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அண்ணன் பட்டத்து ராஜா, தம்பி சின்னராஜா. அண்ணன் தம்பிக்குச் சேனையைக் கொடுத்தான், கஜானா சாவியைக் கொடுத்தான், தன் தட்டிலிருந்து சோறெடுத்துக் கொடுத்தான், உட்காருகிற பலகையை மட்டும் கொடுக்கவில்லை. தம்பிக்குக் கையில் இருந்ததெல்லாம் மறந்துபோய் அந்தப் பலகை மட்டுமே கண்ணில் பட ஆரம்பித்தது. வேட்டைக்குப் போன இடத்தில், ஆற்றில் குனிந்து தண்ணீர் அள்ளிக் குடித்துக்கொண்டிருந்த அண்ணனைப் பின்னாலிருந்து வெட்டிவிட்டுப் பட்டத்துக்கு வந்தான். உட்கார்ந்த பிறகுதான் பயம் வந்தது. தான் எடுத்ததை இன்னொருவன் எடுப்பானே என்று மந்திரியைக் கொன்றான், மைத்துனனைக் கொன்றான், கடைசியில் பெற்ற மகனையே சந்தேகப்பட்டுச் சண்டையில் முதல் வரிசைக்கு அனுப்பினான். எல்லாரும் போய்ச் சேர்ந்தபின் எதிரி வந்தான். வெட்டுப்பட்ட சின்னராஜா வெட்டவெளியில் கிடந்து தண்ணீர் கேட்கிறான். கொடுக்க ஒரு கை இல்லை. அப்படியே சாகிறான்.

கூத்து இரவெல்லாம் நடந்தாலும் இந்தச் சாவு மட்டும் மறுநாள் பகலில், கோயிலை ஒட்டி உழுது போட்ட கொல்லையில், ஊரே சுற்றி நின்று பார்க்க நடக்கும். செத்து விழுந்த சின்னராஜா தானாக எழுந்திருக்கக் கூடாது. வேஷம் கட்டிய ஆளின் கூடப் பிறந்தவர், அவர் இல்லாவிட்டால் நெருங்கிய பங்காளி, சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, தலையை மடியில் வைத்து, முகத்தில் ஊற்றி, துண்டால் அரிதாரத்தைத் துடைத்து, வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லி ஊருக்குக் கேட்கும்படி மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதற்கு ‘எழுப்புத் தண்ணி’ என்று பெயர். கதையில் அந்தப் பாவிக்கு ஆள் இல்லாமல் போனாலும் எங்கள் ஊர் மனிதனுக்கு ஆள் உண்டு என்று காட்டுகிற சடங்கு அது. ஊற்றுவதையும் கூப்பிடுவதையும் ஒரே ஆள்தான் செய்ய வேண்டும். கூப்பிடும் முன்னே எழுந்தவனுக்கு அதற்கப்புறம் ஆயுசுக்கும் கிரீடம் கிடையாது. கூடப் பிறந்தவர் உயிரோடு இருக்கும்போது வேறு பங்காளி ஊற்றினால் அந்த இரண்டு வீட்டுக்கும் ‘தண்ணி அறுந்துபோச்சு’ என்று அர்த்தம். அப்புறம் கல்யாணத்துக்கும் போக்குவரத்து இல்லை, சாவுக்கும் இல்லை.

என் பெரியப்பா மாதையன்தான் வருஷா வருஷம் சின்னராஜா. என் அப்பா சென்றாயன் மந்திரி வேஷம் கட்டுவார், விடியும் முன்பே கொலையாகி, முகத்தைக் கழுவிக்கொண்டு, பகலில் சொம்போடு வந்து அண்ணனுக்குத் தண்ணீர் ஊற்றுவார். இரண்டு வீடும் ஒரே சுவர், கிணறு ஒன்று. பெரியப்பா சபைக்கு வந்தால் பின் வரிசையில் தூங்குகிற குழந்தையும் எழுந்து அழும், அப்படி ஒரு தொண்டை. அப்பாவுக்கும் நன்றாக வரும், ஆனால் மந்திரிக்கு வசனம் கொஞ்சம்தான். களி தின்றுகொண்டே இருப்பவர் திடீரென்று கையை நிறுத்தி, சின்னராஜாவின் பேச்சை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அப்போது அதை விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து கூத்துப் பழக்கம், அதாவது ஒத்திகை, ஆரம்பித்தபோது பெரியப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. சளி என்றார். அன்று சாயங்காலம், வெளியூரிலிருந்து வந்து கூத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரை அரூர் பஸ்ஸுக்கு ஏற்றிவிட அப்பா அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போனார், கடைக்குப் போகவேண்டும் என்று நானும் கூடப் போனேன்.

“அண்ணனுக்குத் தொண்ட போயிருச்சுங்க வாத்தியாரே. சபையில வந்து நின்னா காத்துதான் வரும். அவரு மானம் போறதுக்கு, இந்த வருசம் மட்டும் நான் வேணா கட்டறேனுங்க” என்றார் அப்பா.

“அவரு ஒத்துக்கிட்டாரா?”

“அவரு எங்கங்க ஒத்துக்குவாரு? நாமதான் பாத்துச் செய்யணும்.”

பின்னாளில் இதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அப்பா அன்று பொய் சொல்லவில்லை. தொண்டை கட்டியிருந்தது உண்மை, அண்ணன் மானம் போகக் கூடாது என்றதும் கொஞ்சம் உண்மைதான். முழுப் பொய்யோடு வந்திருந்தால் அப்பாவே அந்த ஆசையை வாசலில் நிறுத்தியிருப்பார். அண்ணன்மேல் அக்கறை என்ற வேஷத்தில் வந்ததால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

அடுத்த பழக்கத்தில் வாத்தியார் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். பெரியப்பா குனிந்து காலில் கட்டியிருந்த சலங்கையை அவிழ்த்துத் துண்டில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனவர், அதற்கப்புறம் அப்பாவோடு பேசவில்லை. ஊரில் மற்றவர்களோடும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கேட்டதற்குத் தலையாட்டுவார், கையைக் காட்டுவார். பெரிய மனுஷனுக்கு அவ்வளவு கோபம் என்று ஊரே பேசிக்கொண்டது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்தோம்.

அவருக்கும் சேர்த்துப் பெரியம்மா பேசினார். பைப்படியில் அம்மாவைப் பார்த்தால் போதும்.

“ஏன்டி, உங்க ராஜா இன்னும் பட்டத்துக்கு வல்லியா? கொடம் தூக்க அரமனையில ஆளில்லியா?”

“அவரு ராஜாவானா எனக்கென்னாங்கக்கா? நான் அதே கொடந்தான தூக்கறேன்” என்றார் அம்மா.

பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைக் காட்டாமல் இருக்க அந்தப் பக்கம் திரும்பி, நிறைந்த குடத்திலேயே மறுபடி தண்ணீர் அடித்தார்.

வேஷம் கைக்கு வந்ததும் அப்பா சந்தோஷமாக இருப்பார் என்று நினைத்தேன். இரண்டு நாள் இருந்தார். மேட்டுக்கொல்லையில் ஆடுகளை நிறுத்திவைத்து வசனம் சொல்வார். “அடேய் மந்திரி!” என்று ஒரு கடாவைப் பார்த்து அவர் கர்ஜிக்கும்போது அம்மா வரப்பிலிருந்து, “ராஜாவே, உங்க சேனை கேவுரு கொல்லையில பூந்து மேயுதுங்க. போய்த் திருப்பிக்கிட்டு வந்து கர்ஜன பண்ணுங்க” என்பார். அப்புறம் அப்பாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பெரியப்பா மகன் ராஜேந்திரன் அண்ணன் பழக்கம் பார்க்க வந்து நின்றால், வசனத்தைத் திருடிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்றார். வேடிக்கை பார்க்க யாரையும் விடக் கூடாது என்று வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் தங்கவேலுவோடு டீ குடித்தால், தங்கவேலு ஏதோ கேட்டிருக்கிறான் என்று முகம் கறுத்துக்கொண்டு வருவார். தங்கவேலு எங்களுக்குத் தூரத்துப் பங்காளி, நல்ல குரல் உள்ளவர், அதுதான் காரணம். தண்ணீர் பாய்ச்ச வேண்டிய முறை நாளில் அப்பா போகாததால் மஞ்சள் வாடியது. அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்:

“இன்னும் யார் யார் மேலதான் சந்தேகம்? நம்ம வூட்டு நாயும் வேஷம் கேக்குதுன்னு தொரத்தி வுட்டுருங்க. தனியா ஆடலாம்.”

அப்பா சிரிக்கவில்லை. அந்தப் பயத்தில் அவர் கண் அப்படியே சின்னராஜாவின் கண்ணாக இருந்தது. கதையை மனப்பாடமாகத் தெரிந்த மனிதர், அது முடிகிற இடத்தையும் தெரிந்தவர், எப்படி அதே வழியில் ஒவ்வொரு படியாக இறங்கினார் என்று நீங்கள் கேட்கலாம். கதை தெரிந்திருப்பதால் மனிதன் தப்பித்துவிடுவதில்லை. அடுத்தவனைப் பற்றிய கதை என்றுதான் அவன் அதைக் கற்றுக்கொள்கிறான்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கூத்தில் அப்பா ஆடியது பெரியப்பா ஆடியதைவிட நன்றாக இருந்தது. இதை யார் முன்னாலும் சொல்வேன். பெரியப்பாவின் சின்னராஜா புலி மாதிரி உறுமுவார், பார்க்கிறவர்களுக்குப் பயமாக இருக்கும். அப்பாவின் சின்னராஜாவோ, தானே பயந்துகொண்டு, பலகையில் ஓரமாக உட்கார்ந்து, பின்னால் பின்னால் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர் ஜனங்கள் அந்தப் பாவிக்காக உச்சுக் கொட்டியதை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

விடிந்ததும் மைக்செட்டுக்காரர் வேறு ஊர்த் திருவிழாவுக்கென்று குழாய்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். பகல் கூத்துக்கு மைக் கிடையாது, அது வழக்கம். பள்ளிக்கூட அறையில் அப்பாவுக்கு வாத்தியார் மறுபடி அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார். அம்மாவும் நானும் டீ கொண்டுபோயிருந்தோம். கட்டியக்காரன் என்ற கோமாளி வேஷம் கட்டுகிற டீக்கடைப் பொன்னுசாமி, அப்பாவின் சிநேகிதர், பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர்தான் கேட்டார்:

“சென்றாயா, வருசா வருசம் ஊத்துன கை. இன்னிக்கு ஒனக்கு ஊத்தறது யார்றா?”

அப்பாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

“வாய மூடுப்பா, சாயம் ஒடையுது” என்றார் வாத்தியார்.

“நானு... அத நெனைக்கவே இல்லடா” என்றார் அப்பா.

“ஊரே நெனச்சுது. தை மாசத்துலருந்து எங்கடையில இதான பேச்சு.”

பொய்யில்லை, அவர் உண்மையிலேயே நினைக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிற இடத்திலேயே இத்தனை வருஷம் நின்றவர், விழுந்து கிடக்கிற இடத்துக்கு ஆசைப்பட்டபோது, தான் நின்ற இடம் காலியாகும் என்பதை மறந்துவிட்டார். அரிதாரம் பூசிய ஆள் அந்த வேஷம் கலைகிற வரைக்கும் எந்த வீட்டு வாசலையும் மிதிக்கக் கூடாது. அதனால் அப்பா போய்க் கேட்க முடியாது. அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு நடந்தார்.

பெரியம்மா கதவருகிலேயே நின்றார்.

“கிரீடம் வேணும்னப்ப இந்த வூட்டுக்கு வழி தெரியல. தண்ணி ஊத்த மட்டும் தெரியுதா?”

“என்னையத் திட்டுங்கக்கா, நல்லாத் திட்டுங்க. மாமாகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லுங்க. வேற ஆளு ஊத்துனா நாளைக்கு உங்க வூட்டுப் பொண்ணு கல்யாணத்துல நான் தெருவுல நின்னுதான பாக்கணும்?”

பெரியம்மாவின் முகம் மாறியது. உள்ளே பெரியப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி கழுத்தை நீட்டினார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“அவரு பேச மாட்டாரு. நீ போம்மா” என்றார் பெரியம்மா. இந்த முறை குரலில் சண்டை இல்லை. அது எங்களுக்குப் புரியவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டார்கள் என்றே அம்மா அழுதுகொண்டு திரும்பினார்.

உச்சி வெயிலில் சின்னராஜா விழுந்தார். மண் சுட்டிருக்கும். “தண்ணீர்... தண்ணீர்...” என்று அப்பா கேட்டபோது அது வசனம் என்று எனக்குத் தோன்றவில்லை. உயிர் போனதும் கிரீடத்தை வாத்தியார் எடுத்துக்கொண்டார். மேளம் நின்றது. ஜனங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். தங்கவேலு சொம்போடு தயாராக ஓரத்தில் நின்றார், வாத்தியார் அவரைக் கூப்பிடக் கையைத் தூக்கிவிட்டார்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. பெரியப்பா சொம்போடு வந்தார். யாரையும் பார்க்காமல் உழவு மண்ணில் உட்கார்ந்து, தம்பியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தண்ணீர் ஊற்றினார். காதோரம், கண்ணோரம் எல்லாம் துண்டால் துடைத்தார். சிவப்புச் சாயம் கலைந்து எங்கள் அப்பாவின் முகம் தெரிந்தது. அம்மா கும்பிட்டுக்கொண்டு நின்றார். பெரியப்பா வாயைத் திறந்து கூப்பிட்டார்.

ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தமாக் கூப்புடுங்க!” என்றது கூட்டம். பொன்னுசாமி கோமாளி வேஷத்திலேயே இருந்தார், பழக்கதோஷத்தில், “இன்னும் கோவம் தீரலீங்களா? ராஜா காதுல ரகசியம் பேசறாரு!” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பெரியப்பா மறுபடி கூப்பிட்டார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது, முகம் கறுத்தது, சைக்கிள் டியூபிலிருந்து காற்றுப் போகிற மாதிரி ஒரு சத்தம் முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. சிரிப்பு அங்கங்கே அறுந்தது. இத்தனை நாள் அவர் கோபத்தில் பேசாமல் இருக்கவில்லை, பேச முடியாமல் இருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. தம்பி சொன்னதே நடந்துவிட்டது என்று ஊர் சிரிக்கக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருந்தவர், அதே ஊர் நடுவில் வந்து உட்கார்ந்து அதைக் காட்டிவிட்டார். பொன்னுசாமி கோமாளிக் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வாத்தியார் மெதுவாகச் சொன்னார்: “மாதையா, நீ நவுந்துக்க. கூப்புடறது கேக்கணும், அதான் மொற. தங்கவேலு முதல்லருந்து ஊத்தட்டும்.”

பெரியப்பா அப்பாவின் தலையை மடியிலிருந்து இறக்கிவிட்டு, கையூன்றி எழப் பார்த்தார். அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“டேய் சென்றாயா, படுடா! இன்னும் கூப்புடல!” என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

“கூப்புட்டாருங்க.”

“எங்களுக்குக் கேக்கலியே!”

“எனக்குக் கேட்டுச்சு” என்றார் அப்பா.

“ரெண்டு தடவதானப்பா வாயத் தொறந்தாரு?”

“எனக்கு மூணு கேட்டுச்சு.”

வாத்தியார் கையில் கிரீடம் இருந்தது. “சென்றாயா, யோசிச்சுக்க. நேத்து நீ ஆடுன ஆட்டத்த இந்த ஊரு பாத்ததில்ல. இப்ப படுத்துக்கிட்டாக்கூட ஒண்ணும் மோசமில்ல. தானா எந்திரிச்சவனுக்கு மறுபடி இது கெடையாது, தெரியுமில்ல?” என்றார்.

அப்பா அந்தக் கிரீடத்தைப் பார்த்தார். பார்க்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நன்றாகவே பார்த்தார். பிறகு, “தெரியுங்க வாத்தியாரே” என்று சொல்லி எழுந்து நின்று, பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார். “வாங்கண்ணா, வெயிலா இருக்குது” என்றார். இருவரும் உடம்பில் ஒட்டிய மண்ணோடு நடந்து வந்தார்கள். பெரியம்மா எங்கிருந்தோ ஓடிவந்து, “நடிப்புக்காரப் பயலுவ ரெண்டு பேரும்!” என்று திட்டிக்கொண்டே அழுதார்.

ஊர் பேசித் தீர்த்தது. அப்பா தானாக எழுந்ததாகவே முடிவு செய்தார்கள். அதற்கப்புறம் அவருக்கு யாரும் கிரீடம் வைக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மேட்டுக்கொல்லை ஆடுகளுக்கு முன்னால் மட்டும் எப்போதாவது ஆடுவார்.

கூத்து இன்றைக்கும் நடக்கிறது, முன்னைவிடப் பெரிதாகவே நடக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கிற பையன்கள் லீவு போட்டு வந்து வேஷம் கட்டுகிறார்கள். இந்த வருஷம் சின்னராஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிய தம்பி, சட்டையில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு கூப்பிட்டான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டது. மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. செல்போனில் எல்லாரும் பிடித்தார்கள். நல்லதுதான், குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கேட்டதா கேட்கவில்லையா என்று ஊர் வாதாடுவதற்கு மட்டும் இனி வழியில்லை.

அப்பா எழுந்த அன்றைக்கு மறுநாள் அவரும் பெரியப்பாவும் காலை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அன்று தொண்டை டாக்டர் வருகிற நாள் இல்லை. புதன்கிழமை வரச் சொன்னார்கள்.